பால்மாவுக்கு ஒரு லட்சமா?

கேள்வி:

மதிப்புக்குரிய அக்கா,

2004 சுனாமியில் அப்பா போனபோது எனக்குப் பத்து வயது, தங்கச்சிக்கு மூன்று. திருக்கடலூரில் இருந்த வீடும் வள்ளமும் போய்விட்டன. அம்மா இடியப்பம் அவித்துக் கொடுத்து எங்களை வளர்த்தார். அரிசி, மா, சீனி எல்லாம் முஸ்லிம் கடை நானாவிடம் கடனுக்குத்தான். கொப்பியில் எழுதி வைப்பார், அம்மா கையில் காசு வரும்போது கொடுத்துக் கழிப்பார். அந்தக் கணக்கு முழுவதும் எப்போதோ தீர்ந்துவிட்டது. ஆனால் தங்கச்சிக்கென்று அவ்வப்போது ஒரு பால்மா பக்கெட்டைப் பையின் அடியில் வைத்துவிடுவார். அதை ஒருநாளும் கொப்பியில் எழுதியதில்லை. இப்போது கடையும் இல்லை. நானாவுக்கு வயதாகி, சீனி வருத்தத்தோடு கிண்ணியாவில் மகன் வீட்டில் இருக்கிறார். நான் வங்கியில் வேலை செய்கிறேன். ஒரு லட்சம் ரூபாயை எடுத்துக் கவரில் போட்டு வைத்திருக்கிறேன். கொண்டுபோய்க் கொடுத்தால் அவருடைய மனம் நோகும் என்கிறார் அம்மா. கோயில் விழாவில் மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தலாம் என்கிறாள் சிநேகிதி. இருபது வருடமாக ஒரு வார்த்தை நன்றி சொல்லாதவள் இப்போது எந்த முகத்தோடு போவது?

இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தைக் கோட்டைவிட்டபோது, ஒரு சதமும் வாங்காமல் தன் வீட்டில் வைத்துப் படிப்பித்து மறுபடி எழுதவைத்தவர் ஒரு சேர். 2021இல் கொரோனா நேரம் அவர் இறந்துவிட்டார். செத்த வீட்டுக்குக்கூடப் போக முடியவில்லை.

மற்றவர் லண்டனில் இருக்கும் சின்னம்மா. வந்தாறுமூலையில் நான் கம்பஸில் படித்த காலம் முழுக்கச் செலவுக்குக் காசு அனுப்பினார். இப்போது உவர்மலையில் இருக்கும் அவருடைய வீட்டுக்கு வாடகைக்கு ஆள் பார்ப்பது, பெயின்ற் அடிப்பிப்பது, தண்ணீர் பில், கச்சேரியில் அரச அலுவல், ஆவணியில் அவர் ஆட்கள் வந்தால் நிலாவெளி, கன்னியா என்று கூட்டித் திரிவது எல்லாம் என் தலையில். இந்த முறை லீவு இல்லை என்று சொன்னேன். "ஏறின ஏணியை உதைக்கிறாள், நான் படிப்பிச்ச பிள்ளை" என்று குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். ஒவ்வொரு முறை போனில் கதைக்கும்போதும் நன்றி சொல்லித்தான் வைக்கிறேன். இன்னும் எப்படி நன்றி காட்டுவது?

ஒன்று சொல்ல விட்டுப்போனது. தங்கச்சியைப் படிப்பித்தது நான்தான். அவள் இப்போது கொழும்பில் நல்ல வேலையில் இருக்கிறாள். அவள் எனக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை. அது இந்தக் கேள்வியில் சேராது.

- ஒரு வாசகி, திருகோணமலை

பதில்:

அன்பான தங்கச்சிக்கு,

முதல் வேலையாக அந்த ஒரு லட்சத்தைக் கொண்டுபோய்த் திரும்ப வங்கியில் போடுங்கள். உங்களுக்கு அது பக்கத்து மேசைதானே.

அம்மா சொன்னது சரி. ஆனால் மனம் நோகும் என்பதைவிடப் பெரிய காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அரிசிக்கும் சீனிக்கும் கொப்பி இருந்தது, பால்மாவுக்கு இல்லை. கடனுக்குச் சாமான் கொடுத்துப் பிழைக்கிற ஒரு கடைக்காரர் ஒரு பொருளைத் திரும்பத் திரும்ப எழுதாமல் விடுவது மறதியால் நடக்கிற காரியமா? கொப்பியில் ஏறினால் அது உங்கள் அம்மாவின் தலையில் இன்னொரு கடன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் எழுதாமல் விட்டிருக்கிறார். இத்தனை வருடம் கழித்து நீங்கள் கவரோடு போய் உட்கார்ந்தால், அவர் எழுதாமல் விட்டதை இப்போது நீங்கள் எழுதவைக்கிறீர்கள். ஒரு பக்கெட் அப்போது என்ன விலை, எத்தனை பக்கெட் வந்திருக்கும், ஒரு லட்சம் காணுமா கூடவா என்ற பேச்சு அந்த விறாந்தைக்கு வந்துவிடும். அப்புறம் நீங்கள் சொல்ல வந்தது எதுவும் காதில் ஏறாது.

கொப்பிக் கணக்கில் ஏதாவது பாக்கி இருந்திருந்தால் என் பதில் வேறு. கடன் என்றால் கடன்தான், அதைக் கொடுத்துத் தீர்க்க வேண்டும். அதுவும் முஸ்லிம் மக்களிடம் கடன் சின்ன விஷயம் இல்லை. ஜனாஸா தொழுகைக்கு முன், இறந்தவருக்குக் கடன் இருந்தால் யார் பொறுப்பெடுப்பது என்று கேட்கிற வழக்கம் அவர்களிடம் இருக்கிறது. அம்மாவிடம் ஒரு முறை கேளுங்கள். ஏதாவது மிச்சம் இருந்ததாக அவருக்கு நினைவிருந்தால், "நானா, பழைய கணக்கில இவ்வளவு நிண்டது" என்று சொல்லி அதை மட்டும் கொடுங்கள். நன்றி என்று பெயர் வைத்துக் கொடுக்காதீர்கள். இந்த இரண்டையும் ஒரே கவரில் போடுவதில்தான் நம்மில் பலருக்குச் சிக்கல் வருகிறது. உங்களுக்குச் சின்னம்மாவோடு வந்திருப்பதும் அதே சிக்கல்தான், அதற்குப் பிறகு வருகிறேன்.

சரி, "எந்த முகத்தோடு போவது" என்ற கேள்வி.

நம்முடைய ஆட்கள் நன்றி சொல்லப் பழகாதவர்கள் என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். அதை நம்பி உங்களை நீங்களே குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம். சிமியோன் ஃபுளொயிட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஐந்து கண்டங்களில் எட்டு மொழி பேசுகிறவர்களின் வீட்டுப் பேச்சைப் பதிவு செய்து பார்த்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். அதை எடுத்துத் தா, இதைப் பிடி என்று கேட்டு உதவி கிடைத்த இடங்களில், கிட்டத்தட்ட இருபது தரத்துக்கு ஒரு தரம்தான் யாராவது நன்றி சொல்லியிருக்கிறார்கள். ஆங்கிலமும் இத்தாலியமும் கொஞ்சம் கூட, மற்றவை இன்னும் குறைவு. வீட்டுக்குள்ளும் அயலுக்குள்ளும் செய்கிறதும் வாங்கிக்கொள்கிறதும் பேச்சில்லாமல் ஓடுவதுதான் உலக வழக்கம். ஆகவே பத்து வயதில் நீங்கள் சொல்லாமல் விட்டதில் குற்றம் ஒன்றும் இல்லை.

ஆனால் சுனாமிக்குப் பிறகு வந்த பால்மா, உப்பை எடுத்துத் தருகிற மாதிரி அன்றாட உதவி இல்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். நீங்களும் சொல்லத்தான் விரும்புகிறீர்கள், கூச்சம் மறிக்கிறது. இந்தக் கூச்சத்தைப் பற்றி ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. அமித் குமாரும் நிக்கலஸ் எப்லியும் 2018இல் வெளியிட்டது. தமக்கு உதவிய ஒருவருக்கு நன்றிக் கடிதம் எழுதச் சொல்லி, அதை வாங்குகிறவர் எப்படி உணர்வார் என்று எழுதியவரிடம் முதலில் கேட்டார்கள். பிறகு வாங்கியவரிடமே போய்க் கேட்டார்கள். எழுதியவர்கள் நினைத்ததைவிட வாங்கியவர்களுக்குச் சந்தோஷம் அதிகம், ஆச்சரியமும் அதிகம். சங்கடம்தான் அவர்கள் நினைத்ததைவிடக் குறைவு. எழுதியவர்களின் கவலையெல்லாம் சொற்கள் சரியாக வருமா என்பதில் இருந்தது. வாங்கியவர்கள் பார்த்ததோ அதில் இருந்த அன்பை. நீங்கள் வாசலில் நின்று தடுமாறினாலும் நானாவின் கண்ணில் அது தடுமாற்றமாகத் தெரியப்போவதில்லை. இடியப்பக்கார அம்மாவின் மூத்த பிள்ளை தேடி வந்திருக்கிறாள் என்பதுதான் தெரியும்.

என்ன சொல்வது என்பதில் மட்டும் கொஞ்சம் யோசனை வேண்டும். "உங்களால்தான் நான் இன்றைக்கு இந்த நிலையில் இருக்கிறேன்" என்று தொடங்கத்தான் எல்லோருக்கும் வாய் வரும். அப்படிச் சொன்னால் பேச்சு உங்களைப் பற்றிப் போய்விடும்: உங்கள் படிப்பு, உங்கள் வேலை, உங்கள் நிலை. சாரா அல்கோ என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் 2016இல் சோடிகள் ஒருவருக்கொருவர் நன்றி சொல்வதைக் கவனித்துப் பார்த்தபோது, "எனக்கு இது கிடைத்தது" என்று சொல்வதைவிட, உதவியவரின் குணத்தையும் செய்கையையும் எடுத்துச் சொன்னதுதான் கேட்டவரின் மனதுக்கு நெருக்கமாகப் பட்டிருக்கிறது.

உங்களிடம் அதற்கு வேண்டிய சரக்கு இருக்கிறது. பக்கெட்டைப் பையின் *அடியில்* வைத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். கடையில் நாலு பேர் நிற்கும்போது மேசையில் எடுத்து வைத்து "இந்தா பிள்ளைக்கு" என்று கொடுத்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. உங்கள் அம்மா மற்றவர்களின் முன்னால் கூனிக்குறுகக் கூடாது என்று பார்த்துச் செய்திருக்கிறார். பால்மாவைவிட அந்தக் கவனம்தான் பெரிது. அதைச் சொல்லுங்கள். "நானா, நீங்கள் பால்மாவைச் சாமானுக்குக் கீழ ஒளிச்சு வைக்கிறதை நான் சின்னனிலேயே கண்டனான். அம்மாவை ஒருத்தருக்கும் முன்னால வெட்கப்பட வைக்கல்ல நீங்கள். அதை நான் மறக்கல்ல." இவ்வளவும் போதும். இதற்கு மேல் அழுகை வந்தால் வரட்டும்.

அவர் உடனே தட்டிக்கழிப்பார். "அல்லாஹ் தந்தான், நான் என்னத்தைச் செய்தன்" என்பார், இல்லாவிட்டால் "அதெல்லாம் என்னத்துக்கு இப்ப, சாப்பிட்டீங்களா" என்று பேச்சை மாற்றுவார். அந்த இடத்தில் விட்டுக்கொடுத்துவிடாதீர்கள். மறுத்துப் பேசவும் வேண்டாம். "அல்லாஹ் உங்கட கையாலதானே தந்தவன்" என்று ஒரு வசனம் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காருங்கள். சாப்பாட்டை வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு காலத்தில் உங்கள் வீட்டு அடுப்பெரிய உதவிய மனிதரின் வீட்டில் "வயிறு நிறைய இருக்கு" என்றால் அதைவிட மோசமான மரியாதை இல்லை.

வெறுங்கையோடு போக மனம் வராது என்று தெரியும். சீனி வருத்தம் என்கிறீர்கள், அதனால் லட்டு, மஸ்கட் எல்லாம் தவிருங்கள். தயிருக்குப் பெயர்போன கிண்ணியாவுக்குத் தயிர் கொண்டுபோகிற வேலையும் வேண்டாம். அம்மா இன்னும் இடியப்பம் அவிக்கிறார் என்றால் அவர் கையால் அவித்ததைக் கொண்டுபோங்கள், ஒரு சொதியும் சம்பலும் சேர்த்து. நோன்பு மாதமாக இருந்தால் பகலில் சாப்பாட்டோடு போகாமல் நோன்பு துறக்கும் நேரத்துக்குப் பேரீச்சம்பழத்தோடு போகலாம். அம்மாவையும் கூட்டிப்போங்கள். கடனைக் கழித்தது அவர், சொல்ல வேண்டியது அவருக்கும் இருக்கும். முன்பென்றால் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி அக்கரைக்குப் போகவேண்டும், காத்து நிற்கவேண்டும். 2009இல் பாலம் திறந்த பிறகு வயதானவர்களைக் கூட்டிப்போவது ஒரு பிரச்சினையே இல்லை.

அந்த ஒரு லட்சம் ஒருநாள் உதவாமலும் போகாது. மகனோடு தனியாகக் கதைத்து உங்கள் போன் நம்பரைக் கொடுத்து வையுங்கள். நானாவுக்கு மருந்து, கிளினிக், கொழும்புக்குக் கொண்டுபோகிற தேவை ஏதும் வந்தால் உங்களுக்கும் சொல்லச் சொல்லுங்கள். தேவை வரும்போது கொடுப்பது வேறு, பழையதற்குக் கொடுப்பது வேறு. தேவைக்குக் கொடுத்தால் அவர் செய்ததைத்தான் நீங்களும் செய்கிறீர்கள்.

பொன்னாடை? சிநேகிதிக்கு நல்ல மனம், ஆனால் வேண்டவே வேண்டாம். பொருளைப் பையின் அடியில் ஒளித்து வைத்த மனிதரை மேடையில் ஏற்றி ஒலிவாங்கியில் அறிவிப்பதா? பொன்னாடையை விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தாராளமாகப் போர்த்தலாம். யாருக்கு எது பொருந்தும் என்பதை அவர் உதவி செய்த விதமே காட்டிவிடும். சத்தமில்லாமல் செய்தவருக்குச் சத்தமில்லாமல் சொல்லுங்கள். முகநூலில் போட்டோவும் வேண்டாம்.

சேருடைய விஷயத்துக்கு வருகிறேன்.

நம் பத்திரிகைகளில் "31ஆம் நாள் நினைவஞ்சலியும் நன்றி நவிலலும்" என்று அரைப் பக்கம், கால் பக்கம் வரும். நேரில் வந்தோர், தொலைபேசியில் அழைத்தோர், மலர்வளையம் வைத்தோர், பதாகை கட்டியோர் எல்லோருக்கும் அதில் நன்றி இருக்கும். அந்தியேட்டிக்குக் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம் அடித்துக் கொடுக்கிற வீடுகளில், இறந்தவர் யார் யாருக்கு என்னென்ன செய்தார் என்று ஊரே எழுதியிருக்கும். அவர் உயிரோடு இருந்தபோது இதில் பாதியாவது அவர் காதில் விழுந்திருக்குமா என்று கல்வெட்டைப் புரட்டும்போதெல்லாம் நான் நினைப்பதுண்டு. சேர் இறந்த 2021இல் அதற்கும் வழி இருக்கவில்லை. கூட்டம் கூட முடியாது, செத்த வீடு என்பதே நாலு பேரோடு முடிந்த காலம். அதனால் நீங்கள் மட்டுமல்ல, அவரிடம் படித்த பலர் சொல்ல வேண்டியதை வாயில் வைத்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

அவர் கேட்க முடியாது, உண்மைதான். ஆனால் அவருடைய மனைவி இருக்கிறாரா, பிள்ளைகள் இருக்கிறார்களா? அந்த வீட்டு முன்னறையில் நீங்கள் இருந்து படித்தபோது உள்ளே தேத்தண்ணி போட்டவர் ஒருவர் இருந்திருப்பார். காசு வாங்காத ரியூசனில் அந்த வீட்டுக்கு வரவேண்டிய வருமானமும் வராமல் போனது. அந்தப் பங்கை அவர் பெயரில் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். திவசத்தன்று போகாதீர்கள், அன்றைக்கு அவருக்குச் சமையலும் ஐயரும் வந்தவர்களும் என்று மூச்சுவிட நேரமிராது. ஆசிரியர் தினமான ஒக்டோபர் 6 நல்ல நாள். சேர் இல்லாத வீட்டுக்கு அன்று யாரும் பெரும்பாலும் போவதில்லை. வாயால் சொல்வதோடு நிற்காமல் ஒரு கடிதமாக எழுதிக்கொண்டுபோய்க் கொடுங்கள். "சிறந்த ஆசிரியர், பண்பாளர்" என்றெல்லாம் வேண்டாம், அது எல்லாக் கல்வெட்டிலும் இருக்கிறது. பின்னம் விளங்காமல் நீங்கள் முழித்துக்கொண்டிருந்த ஒரு பின்னேரம் அவர் எதைக் காட்டி விளங்கப்படுத்தினார், பிழை விட்டால் என்ன சொல்வார், ரிசல்ட் வந்த அன்று என்ன செய்தார் என்று எழுதுங்கள். தன் கணவர் படிப்பிக்கும்போது எப்படி இருப்பார் என்று அந்த அம்மாவுக்குச் சுவருக்கு இந்தப் பக்கத்தில் இருந்து கேட்டதுதான் தெரியும். எதிரில் இருந்து பார்த்தது நீங்கள். கடிதமென்றால் அவர் எடுத்து வைத்துத் திரும்ப வாசிக்கலாம், வெளிநாட்டில் பிள்ளைகள் இருந்தால் படம் எடுத்து அனுப்பலாம்.

இனிச் சின்னம்மா. உங்கள் கடிதத்தில் கடினமான பகுதி இதுதான்.

முதலில் அவர் பக்கத்தில் நின்று கொஞ்சம் பார்ப்போம். ஒவ்வொரு முறையும் நன்றி சொல்லித்தான் போனை வைக்கிறேன் என்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் அது "சரி, வைக்கிறன்" என்பதற்குப் பக்கத்தில் வருகிற நன்றி. மாதாமாதம் அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? லண்டன் என்றால் மரத்தில் காய்க்கிற காசு என்று இங்கே ஒரு நினைப்பு உண்டு. இரவு வேலையா, கடையில் நின்றாரா, யாருடைய வீட்டைத் துப்புரவாக்கினாரா, உங்களுக்கு அனுப்புவதற்காகத் தன் பிள்ளைகளுக்கு எதை வேண்டாம் என்றாரா? திரும்பத் திரும்பச் சொல்லிக்காட்டுகிறவர்களில் சிலர், தாங்கள் பட்ட பாட்டை ஒருவரும் ஒருநாளும் கேட்கவில்லையே என்ற குறையில்தான் சொல்லிக்காட்டுகிறார்கள். எல்லோரும் அப்படி இல்லை. ஆனால் கேட்டுப் பார்க்காமல் உங்கள் சின்னம்மா எந்த வகை என்று முடிவுகட்ட முடியாது.

ஆகவே ஒருநாள் இதற்கென்றே அழையுங்கள். வீட்டு அலுவல், பில், வாடகை எதுவும் அன்று வாயில் வரக்கூடாது. "சின்னம்மா, நான் கம்பஸில இருந்த காலம் நீங்கள் ஒரு மாசமும் பிந்தாமல் அனுப்பினீங்கள். அப்ப நீங்கள் அங்க என்ன வேலை செய்து அனுப்பினீங்கள் எண்டு நான் கேட்டதே இல்லை. சொல்லுங்கோ." சொல்லிவிட்டுக் கேட்டுக்கொண்டிருங்கள். நடுவில் புகுந்து "எனக்கும் இங்கே கஷ்டம்தான்" என்று தொடங்காதீர்கள். அவர் சொன்னதில் உங்களைத் தொட்ட ஒன்றை, குடும்பக் குழுவிலும் நாலு வரியில் போடுங்கள். ஏணிப் பேச்சு அங்கேதான் வந்தது, நன்றியும் அங்கே இருக்கட்டும். ஏணிக்குப் பதில் சொல்லாதீர்கள், அதை நினைவூட்டவும் வேண்டாம்.

சின்னம்மாவின் பக்கம் அவ்வளவுதான். இனி உங்கள் பக்கம்.

உங்களுக்கு நானாவை நினைத்தால் கண் கலங்குகிறது. சின்னம்மாவின் பெயர் போனில் விழுந்தால் நெஞ்சு இறுகுகிறது. காசுக் கணக்கில் பார்த்தால் சின்னம்மா செய்தது பல மடங்கு. அப்படியென்றால் நான் நன்றி கெட்டவளா என்று வரிக்கு வரி பயந்துதான் எழுதியிருக்கிறீர்கள். இல்லை. பிலிப் வொட்கின்ஸும் கூட்டாளிகளும் 2006இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒரே உதவியை வெவ்வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தார்கள். உதவியவர் பதிலுக்கு ஏதோ எதிர்பார்க்கிறார் என்று தெரியத் தெரிய, வாங்கியவரிடம் கடன்பட்ட உணர்வு கூடியது, நன்றியுணர்வு குறைந்தது. திருப்பிக் கேட்பவரிடம் மனம் நன்றியோடு நிற்பதில்லை, கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. இது உங்கள் குணக்கேடு இல்லை, மனித மனம் வேலை செய்கிற விதம்.

அதனால் வீட்டு வேலையை நன்றியிலிருந்து பிரித்தெடுங்கள். இப்போது இரண்டும் கலந்து கிடப்பதால்தான் ஒரு பெயின்ற் வேலைக்கு மாட்டேன் என்றாலும் படிப்புக்குச் செய்த துரோகமாகப் போய்விடுகிறது. நன்றிக்கென்று அழைத்த நாள் போய் ஒன்றிரண்டு வாரமாவது கழியட்டும். பிறகு வேறொரு அழைப்பில் வீட்டைப் பற்றி மட்டும் கதையுங்கள். உங்களால் என்ன முடியும் என்பதை முதலே முடிவெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பில்லும் கரண்ட் பில்லும் போனிலேயே கட்டலாம், அது உங்களுக்குப் பாரம் இல்லை என்றால் செய்யுங்கள். வாடகைக்கு ஆள் பார்ப்பதும் திருத்த வேலையும் சம்பளத்துக்குச் செய்யக்கூடிய ஆட்கள் ஊரில் இருக்கிறார்கள், வாடகையில் இருந்தே கொடுக்கலாம். கச்சேரியில் காணி அலுவல் என்றால் ஒரு சட்டத்தரணியைப் பிடித்து உரிய ஆளுக்கு, அவருக்குப் பதிலாகக் கையெழுத்து வைக்கிற அற்றோணித் தத்துவம் கொடுக்கச் சொல்லுங்கள். உங்கள் பெயரில் அதை எழுத விட்டுவிடாதீர்கள், பிறகு விடுபடுவது பெரும்பாடு. ஆவணியில் வருகிறவர்களுக்கு ஒரு நாள் உங்கள் வீட்டில் சாப்பாடு, ஒரு ஞாயிறு உங்களோடு கன்னியாவோ கோணேசர் கோயிலோ. மற்ற நாட்களுக்கு வான் பிடித்துக் கொடுக்கலாம். அந்த மாதத்தில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வானும் ஓட்டோவும் எவ்வளவு நிற்கும் என்று உங்களுக்குத் தெரியாதா?

"இல்லை" என்று சொல்ல வேண்டிய இடத்தில் காரணத்தை நீட்டாதீர்கள். "சின்னம்மா, இந்த முறை லீவு இல்லை. இன்ன ஆளை ஒழுங்குபடுத்தித் தாறன்." அவர் படிப்பித்த கதையை எடுத்தால், "ஓம் சின்னம்மா, அது உண்மை, மறக்கமாட்டன். வீட்டு அலுவலுக்கு அந்த ஆளை அனுப்பவா?" இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லலாம், ஒன்று மற்றதை அழிக்காது. முதல் இரண்டு மூன்று தடவை குழுவில் இன்னும் ஏதாவது போடுவார். பொறுத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்கிறதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு உள்ளுக்குள் அவரை வெறுப்பதைவிட, முடிந்ததைச் செய்து முடியாததை முடியாது என்று சொல்லி அவர்மேல் அன்பாக இருப்பது அவருக்கும் நல்லது.

இனிக் கடிதத்தின் கடைசியில் "இந்தக் கேள்வியில் சேராது" என்று நீங்கள் ஒதுக்கிவைத்த வரி. சேரும், தங்கச்சி. சின்னம்மா உங்களிடம் கேட்பதை நீங்கள் இன்னும் வாய்விட்டு உங்கள் தங்கச்சியிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அவளுக்கு நீங்கள் அக்கா மட்டுமல்ல, பாதி அம்மா. அம்மாவிடம் யார் நன்றி சொல்கிறார்கள்? மேலே சொன்ன ஆய்வுக் கணக்கில் அவள் அந்த மிச்சப் பத்தொன்பது தரத்தில் சேர்ந்தவள். அவள் வேறு விதத்தில் ஏதாவது செய்கிறாளா என்று பாருங்கள். போயா லீவுக்கு இரவு மெயில் ரயிலில் வரும்போது உங்களுக்கென்று ஏதாவது வாங்கிவருகிறாளா, ஒரு கவலை என்றால் முதல் போன் உங்களுக்கு வருகிறதா? அப்படியும் கேட்க ஆசையாக இருந்தால் அதில் வெட்கம் இல்லை. "அந்த நேரம் எனக்குச் சரியான கஷ்டம்டி, நீ ஒருநாள் கேட்டால் சொல்லுவன்" என்று ஒரு தரம் சொல்லிப் பாருங்கள். சொல்லிக்காட்டுவது என்பது இரண்டாவது தரத்திலிருந்துதான் தொடங்குகிறது.

அந்தப் பால்மா யாருடைய வயிற்றுக்குப் போனது? அவளுக்கு அப்போது மூன்று வயது, எதுவும் நினைவிருக்காது, யாராவது சொல்லியிருந்தால்தான் தெரியும். நானாவிடம் போகும்போது அவளையும் கூட்டிப்போங்கள். அவள் லீவுக்கு வரும்வரை காத்திருந்தாலும் பரவாயில்லை, மாதக்கணக்கில் மட்டும் தள்ளிப்போடாதீர்கள், அவருக்கு வயதாகிவிட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள், ஜும்மா நாள், மத்தியானம் வீட்டில் ஆண்கள் நிற்கமாட்டார்கள். போகிறதுக்கு முதல் மகனுக்கு ஒரு போன் போட்டு எத்தனை மணிக்கு வசதி என்று கேளுங்கள். எத்தனை பேர் வருகிறீர்கள் என்றும் சொல்லிவிடுங்கள், சமைக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டுமே.